அடித்தது காயும் வரை

பிப்ரவரி 4

அன்புள்ள சிட்டு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீ அண்ணா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரரின் முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், விவரமாக எழுது.

நேற்று உன் வீட்டுக்காரன், என் அருமைத் தம்பி, ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பார்த்த அதிர்ச்சியில் தைத்துக்கொண்டிருந்த துணியை நழுவவிட்டேன். உங்கள் சாப்பாட்டு மேசை நடுவில், தட்டு வைக்கிற இடத்தில், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்! அதுவும் கத்தரிப்பூ நிறத்தில்! கீழே "எப்படி அக்கா?" என்று ஒரு கேள்வி வேறு. எப்படி என்று நான் என்ன சொல்ல? லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற பிள்ளை, லீவு நாளில் காலை நீட்டித் தூங்காமல், வேலையற்றவன் பூனையைப் பிடித்துச் சிரைத்த கதையாக, நல்லா இருந்த வண்டியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நீ எப்படியம்மா இதற்கு இடம் கொடுத்தாய்?

போனில் கேட்கலாம் என்றால் அவன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். உன்னைக் கேட்டால் அவன் பதில் சொல்கிறான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் உன் குரலை முழுசாக ஒரு வாக்கியம் நான் கேட்டதில்லை. அதனால் காகிதமே மேல். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி


பிப்ரவரி 19

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அண்ணாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு ஓய்வு ஏது, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இவர்தான் பிரித்துச் சத்தமாகப் படித்தார். பூனைக் கதை வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் இடம் கொடுத்தேனா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இப்போது எனக்குத்தான் இடம் இல்லை. துணி காயப் போடுகிற கம்பியில் மட்கார்டு தொங்குகிறது. சைடு பேனல் இரண்டும் கட்டிலுக்கு அடியில். முதலில் பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்கவேண்டும். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கவேண்டும், விரலால் தடவினால் வழுக்கவேண்டும். அது என் வேலை. பிறகு அவர் பெயிண்ட் அடிப்பார். அடித்தது காயும் வரை ஃபேன் போடக்கூடாது, ஜன்னல் கதவு எதையும் திறக்கக்கூடாது. ஒரு தூசி உட்கார்ந்தால் போச்சு. அன்றைக்கு வீடு முழுக்க ஒரு சத்தம் இருக்காது.

தெருவில் மூன்று பேர் தங்கள் வண்டிக்கும் அடித்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இவரைப் பிடித்திருக்கிறது.

அன்புடன்,
சிட்டு

அக்கா, நானும் படிச்சேன். தபால்ல போடறதும் நான்தான். கத்தரிப்பூ கலர் இல்லக்கா அது, பேர்ல் வயலெட்! ஊருக்கே தெரியுது, உனக்குத் தெரியல. - தம்பி


மார்ச் 6

அன்புள்ள சிட்டு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே பள்ளி யூனிஃபார்ம் தையல் குவிந்து கிடக்கிறது. ஊசியும் நூலுமாகப் பொழுது போகிறது, உடம்பு பரவாயில்லை.

கட்டிலுக்கு அடியில் பேனல்! படித்துவிட்டு உன் அண்ணாவிடம் சொன்னேன், அவர், "வண்டி வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னா மனுஷன் ஷெட்ல படுக்கவேண்டியதுதான்" என்கிறார். அந்த வாடையில் நீங்கள் சாப்பிடுவதும் தூங்குவதும் எப்படி? அடிக்கிற நாளில் நீ மட்டுமாவது பக்கத்து வீட்டில் போய் உட்கார்.

ஒன்று சொல்கிறேன். அவனைக் கோபித்துக்கொள்ளாதே. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தலை வாரி, பல் தேய்த்துவிட்டு வளர்த்தவள் நான். கோழிக்குஞ்சு செத்துக் கிடந்தால்கூட இரண்டு நாள் சாப்பிடமாட்டான். அவ்வளவு மெத்தென்ற மனசு. கையில் ஏதாவது வேலை இருந்தால் சமர்த்தாக இருப்பான். போகட்டும், பெயிண்ட்தானே.

நாத்தனார் என்றால் நாக்கு நீளம் என்பார்கள். எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், பொறுத்துக்கொள்.

பிரியமுள்ள,
அண்ணி


மார்ச் 30

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நலமா? அண்ணா நலமா? இங்கே எல்லாம் வழக்கம்போல்.

எப்படி அடிக்கிறார் என்று உங்களுக்கு விவரமாக எழுத ஆசை. போன வாரம் அடித்தது புது மாதிரி. இடது பக்கம், மேல் பேனல். அடித்த அன்றைக்கு நல்ல சிவப்பு. மறுநாள் பார்த்தால் நீலம், ஓரங்களில் கறுப்பு. நாலைந்து நாளில் பச்சையாகிவிட்டது. இன்றைக்கு மஞ்சளாகிக் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. முழுக்க மங்குவதற்குள் அடுத்தது அடித்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் தையல்காரர், அளவெல்லாம் உங்களிடம் இருக்கிறது. எனக்கு நீளக் கை வைத்து, மணிக்கட்டு வரை வருகிற மாதிரி, இரண்டு மேல்சட்டை தைத்து அனுப்புவீர்களா? வெயில் காலம்தான். பரவாயில்லை. கழுத்தும் கொஞ்சம் ஏற்றமாக இருக்கட்டும்.

அண்ணி, இந்தக் கடிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள்.

அன்புடன்,
சிட்டு

அக்கா, கலர் மாறுற பெயிண்ட்! வெயில்ல ஒண்ணு, நிழல்ல ஒண்ணுன்னு காட்டும். இவளுக்குச் சொல்லத் தெரியாம பச்சை மஞ்சள்னு உளறி வச்சிருக்கா. பார்த்தா அசந்துடுவ! - தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள சிட்டு,

உன் உடம்பு எப்படி? வெயிலில் அலையாதே. நாங்கள் இருக்கிறோம், குறையில்லை.

நாலு நிறம் மாறுகிற பெயிண்டா! ஐயையோ, பச்சோந்தியைப் பிடித்து அரைத்துப் பூசினாலும் இத்தனை நிறம் வராதே! உன் அண்ணாவிடம் படித்துக் காட்டினேன். வாயைப் பிளந்தவர் இன்னும் மூடவில்லை. பள்ளிக்கூட வேனின் பக்கவாட்டில் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி இதையே ஒரு பட்டை அடிக்கலாமா என்று யோசிக்கிறார். இங்கே கடைத்தெருவில் பெரிய பெயிண்ட் கடை வந்திருக்கிறது, போய்க் கேட்கப்போகிறேன். பெயர் தெரிந்தால் எழுது.

நீளக் கைச் சட்டை இரண்டும் பார்சலில் வருகிறது. இந்த வெயிலில் மூடிக்கொண்டு திரிய ஆசையா உனக்கு! பெயிண்ட் பட்டுக் கை எரிகிறது போலிருக்கிறது, கையுறை வாங்கித் தரச் சொல் அவனை. துணிக்குக் காசு பற்றிப் பேச்செடுத்தால் தெரியும் சேதி.

ஆசையுடன்,
அண்ணி


மே 9

அண்ணிக்கு,

வணக்கம். சட்டை வந்தது. சரியாக இருக்கிறது.

நீங்கள் சரியாகப் படிக்கவில்லை அண்ணி. அவர் அடிப்பதைப் பற்றி நான் எழுதியதை மறுபடி எடுத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த முறை முன்பக்கம் அடித்தார். வலது ஹெட்லைட். இரண்டு நாள் திறக்கவே இல்லை, வெளிச்சமும் வரவில்லை. இப்போது பாதி திறக்கிறது. நிறம் இன்னும் நீலம்தான்.

கடைக்குப் போனால் நான் எழுதினபடியே கேளுங்கள். ஒரு நிறத்தையும் விட்டுவிடாதீர்கள்.

சிட்டு

அக்கா, இவ எந்த ஹெட்லைட்டைச் சொல்றாளோ தெரியல. வண்டிக்கு இருக்கறதே ஒரு லைட், அதை நான் இன்னும் தொடவே இல்ல. கேட்டா முழிக்கிறா. தூக்கத்துல எழுதியிருப்பா. நீ கேட்டியே பெயிண்ட் பேரு, அடுத்த கடிதத்துல எழுதறேன். - தம்பி


மே 21

என் கண்ணே சிட்டு,

நாங்கள் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

கடைக்குப் போனேன். நீ எழுதினபடியே, நாள் வரிசையில், ஒரு நிறம் விடாமல் கேட்டேன். கடைக்காரர் பதில் சொன்னார். உனக்குத் தெரிந்த பதில்தான். கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இப்போது சரியாகப் படித்துவிட்டேன், சிட்டு.

மூன்று கேள்விக்குப் பதில் எழுது. எப்போதிலிருந்து அடிக்கிறான்? எதை வைத்து அடிக்கிறான்? உடைந்த பாகம் ஏதாவது உண்டா?

தம்பி, உன் கைவேலையைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அவளையே எழுத விடு.

அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை இவர் படித்துக் காட்டும்போது நான் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அழுகையை அடக்கமுடியவில்லை. வெங்காயம் என்று சொன்னேன்.

கேட்டதற்குப் பதில். டேங்குக்கு வெகு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். முதலில் எப்போதாவது, லேசாக, ஒரு கோட். மறுநாள் அவரே வருத்தப்படுவார். இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது, வருத்தமும் இல்லை. பெரும்பாலும் கைதான். போன மாதம் ஒரு தடவை ஸ்பானர். உடைந்தது ஒன்று உண்டு, இடது கைப்பிடிப் பக்கம், சின்ன பாகம். தானே ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் கோணலாக.

அடிக்கும்போது ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கும், முன்பே எழுதியிருக்கிறேன்.

சீக்கிரம் ஒரு வழி சொல்லுங்கள். இதற்கு மேல் ஒரு கோட் தாங்காது.

உங்கள்,
சிட்டு

அக்கா, பீரோவுக்குப் பெயிண்ட் அடிச்சதைச் சொல்றா, அது கல்யாணமான புதுசுல. ஸ்பானர் எதுக்குன்னு புரியல, மூடியைத் திறக்கவா? கிளட்ச் லீவர் கோணல் எல்லாம் இல்ல. அப்புறம், தாங்கும் அக்கா! மெல்லிசா அடிச்சா ஏழு கோட்டும் தாங்கும். - தம்பி


ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கிறேன்.

எனக்குத் தையல் மலைபோல் கிடக்கிறது. காஜா எடுக்க, பட்டன் வைக்க ஆள் இல்லை. சிட்டுவை ஒரு மாதம் இங்கே அனுப்பு. மாமா வந்து கூட்டிக்கொண்டு வருவார். மறுக்காதே. அக்கா இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்கா,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். சிட்டுவுக்கு எழுதக் கை ஒழியல, அதான் நானே எழுதறேன்.

அவ இல்லாம இங்க உப்புத்தாள் யார் தேய்க்கறது? கையில நாலு வண்டி இருக்கு. சைலன்சருக்குக் கறுப்பு அடிக்கணும், சூடு தாங்கற பெயிண்ட், அதுல கொஞ்சம் பிசகினாலும் உரிஞ்சு வந்துடும். இப்பல்லாம் அவளுக்கு வேலையில கவனமே இல்ல. சொன்னா காதுல விழறதே இல்ல. நீ வேற கடிதம் எழுதி எழுதிச் செல்லம் கொடுக்கற. கொஞ்ச நாளைக்குக் கடிதமெல்லாம் வேண்டாம்க்கா. ஏதாவது சொல்லணும்னா எனக்குப் போன் பண்ணு.

காஜா எடுக்க உங்க தெருவுல ஒரு பொண்ணு கூடவா கிடைக்கல?

அன்பு தம்பி


ஜூலை 3

அக்கா,

நீ நல்லா இருக்கியான்னு கேக்கற நிலைமையில நான் இல்ல.

நேத்து வேலை முடிஞ்சு வந்தா வீடு பூட்டிக் கிடக்கு. எதிர் வீட்டுக்காரர் சொல்றார், உங்க அக்காவும் மாமாவும் ஒரு பள்ளிக்கூட வேன்ல வந்தாங்க, உங்க சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு. சாவியை அவர்கிட்ட கொடுத்துட்டுப் போயிருக்க. எனக்கு எவ்ளோ அவமானம்! கூடப் பிறந்தவ செய்யற காரியமா இது? திருட்டுத்தனமா?

அவ என்ன சொல்லி உன்னை மயக்கினா? எப்ப சொன்னா? அவ எழுதின அத்தனை கடிதத்தையும் நான் படிச்சிருக்கேன். என் கையாலதான் தபால்ல போட்டேன். அதுல என்னைப் பத்தி ஒரு வரி தப்பா இருந்துச்சா? நீயே எடுத்துப் பாரு.

கோபத்துல எப்பவாவது கை பட்டிருக்கும். எந்த வீட்டுல இல்ல? அடிக்கிற கைதான் அணைக்கும்னு நீதானே சொல்வ? ஞாயித்துக்கிழமை வரேன். கிளம்பி ரெடியா இருக்கச் சொல்லு. கூட்டிட்டுப் போயிடறேன், பழசை மறந்துடலாம்.

தம்பி


ஜூலை 5

தம்பி,

கேட்காமலே சொல்கிறேன். அவள் நலமாக இல்லை. டாக்டர் பார்த்தார். வலது கண்ணுக்கு மருந்து விடுகிறோம். இடது கைச் சுண்டு விரல் உடைந்து தானாகவே ஒட்டியிருக்கிறது, அதை இனி நிமிர்த்த முடியாதாம். இதையெல்லாம் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். போலீஸுக்கு அதன் நகல் போய்விட்டது.

ஒரு வரி தப்பா இருந்துச்சா என்கிறாய். எல்லா வரியிலும் நீதான் இருந்தாய். எப்படி இந்தத் தைரியம் வந்தது என்று அவளிடம் கேட்டேன். "அவர் தன் பெருமை இருக்கற இடத்தைத்தான் அண்ணி படிப்பார். அடிச்சார்னு எழுதினா பெயிண்ட்னு நினைச்சுப்பார்னு தெரியும்" என்றாள். எனக்கும் அப்படித்தானே தோன்றியது. நாலு நிறம் என்றதும் வேனுக்குப் பட்டை அடிக்கப் பார்த்தேன். தூ!

பெயிண்ட் கடையில் என்ன நடந்தது என்று உனக்கு எழுதவில்லை. இப்போது கேள். கடைக்காரர் சிரித்தார். "திருப்பித் திருப்பிப் பார்த்தா கலர் மாறும், அந்தப் பெயிண்ட் இருக்கும்மா. ஆனா நாளாக ஆகச் சிவப்பு நீலமாகி, நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகுதுன்னா அது பெயிண்ட் இல்ல, அடி வாங்கின உடம்பு" என்றார். தமாஷ் பண்ணுகிறாராம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதியில் வாய் அப்படியே நின்றுவிட்டது. யார் உடம்பு என்று புரிந்தது. அடித்தது யார் என்று புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் அது நீ என்று நினைக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை. இப்போதும் சில சமயம் கொடுப்பதில்லை. அப்போது எழுந்து போய் அவள் முதுகைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொன்னேன், ஆமாம். நீ பாடம் படிக்காமல் ஏய்த்தபோது முதுகில் ஒன்று வைத்துவிட்டு, பிறகு மடியில் போட்டுக்கொண்டு சொன்னேன். ஸ்பானரை எடுக்க அதிலிருந்து உனக்கு அனுமதி கிடைத்ததா? நேற்றிலிருந்து என்னை நானே இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. நீ வருகிறாய் என்று அவளிடம் சொல்லவில்லை, நடுங்கிவிடுவாள். உள் அறையில் அவள் இருப்பாள், மாமா அந்தக் கதவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வாசல் கதவை நான் திறப்பேன். உன்னை உள்ளே விடமாட்டேன். உன்னைத் தூக்கி வளர்த்தவள்தான், என்னைத் தள்ள உனக்கு ரொம்ப நேரம் ஆகாது. கை ஓங்கினாலும் ஓங்குவாய். ஓங்கினால் நான் கத்துவேன். எதிர் வீடு, பக்கத்து வீடு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, என் தம்பி அடிக்கிறான், என் தம்பி அடிக்கிறான் என்று கத்துவேன். உன் மானம் போய்விடுமே என்று வாயைப் பொத்திக்கொள்ள நான் உன் பெண்டாட்டி இல்லை.

அக்கா